முன்பேச்சு

அன்று காலையும் சங்கரபாண்டி பொற்கொடியைச் சிரிக்க வைத்துவிட்டார்.

"இன்னிக்கும் அதே கோதுமைக் களியா?" என்று திரையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"களின்னு சொல்லாதீங்க. போஸ்டர் ஒட்டுற பசை."

"பசைன்னா நல்லதுதானேட்டி. உள்ள போனா ஒட்டிக்கிடும். மத்தியானம் வரைக்கும் பசிக்காது."

வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் அவள் சிரித்தாள். கேன்டீனில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேர் முன்னாலும் நாற்பது சின்னத் திரைகள். பக்கத்தில் இருந்தவர் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டோடு அவரவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சங்கரபாண்டி இருந்தது அம்பாசமுத்திரத்தில். பொற்கொடி இருந்தது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றி வரும் சீரிஸ் என்ற குறுங்கோளில், பனிக்கட்டி வெட்டியெடுக்கும் நிலையத்தில். அங்கே அவள் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஒளியின் வேகத்தில் வந்தாலும் அம்பாசமுத்திரத்தில் சொன்ன ஒரு சொல் அந்த மாதத்தில் சீரிஸுக்கு வந்து சேர இருபத்தாறு நிமிடம் ஆகும். இங்கிருந்து பதில் போக இன்னொரு இருபத்தாறு. ஆனாலும் பசை என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. காரணம், அதைச் சொன்னது சங்கரபாண்டி இல்லை. அவரைப் போலவே பேசத் தெரிந்த முன்பேச்சு.

இது நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயத்தைத் தினமும் யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்துத் தொடர்பறைக்குப் போனாள். அந்த அறைக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டு வாரமாக ஜெபமணி அண்ணாச்சியும் கூட இருந்தார். தூத்துக்குடிக்காரர், ஐம்பத்தைந்து வயது, துளைபோடும் இயந்திரத்தில் வேலை. தோள்பட்டை நழுவிப் போனதால் குணமாகும்வரை உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருந்தார்கள்.

"தங்கச்சி, மேலிடத்துலருந்து ஒரு ஓலை வந்திருக்கு," என்றார். "திருத்தக் கிடங்கை மூடணுமாம். கடைசி ஒரு வருஷத்துல எத்தனை பேரு தெறந்து பாத்தாவன்னு கணக்கு எடுத்து அனுப்பச் சொல்லுதாவ. அது என்ன கிடங்கு?"

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க தினமும் உங்க மகன்கூடப் பேசுறீங்கல்ல அண்ணாச்சி?"

"பேசுதேன். மெஷின்தான் ஊகிச்சுப் பேசுதுன்னு தெரியும். வெவரம் இல்லாதவனா நான்?"

"அது சரி. மகன் அங்க நிஜமா ஒண்ணு பேசுவாரே, அது எங்க போகுதுன்னு நினைச்சீங்க?"

அவர் யோசித்தார். அதுவரை அதை யோசித்ததேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இங்கதான் வந்து விழும்," என்று அவள் சுவரோரம் இருந்த அலமாரிகளைக் காட்டினாள். "நீங்க பேசுனது அவருக்குப் போய், அவர் நிஜமா சொன்ன பதில் இங்க வரும். முன்பேச்சு சொன்னதும் அவர் சொன்னதும் ஒண்ணா இருந்தா விட்டுரும். வேற மாதிரி இருந்தா அதை மட்டும் எடுத்து வைக்கும். அதுக்குப் பேர் திருத்தம். முதல்லயெல்லாம் ஜனங்க பேசி முடிச்சிட்டு ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்து திருத்தத்தைப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பாங்க."

"இப்ப?"

"இப்ப எதுக்கு? நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா சொல்லுதே."

முன்பேச்சு வந்த புதிதில் பொற்கொடி பூமியில் இதே வேலையில் இருந்தாள். அந்த நாட்களை அவருக்குச் சொன்னாள். என் மகன் குரலில் ஒரு மெஷின் பேசுவது ஏமாற்று வேலை என்று ஓர் அம்மா கோர்ட்டுக்குப் போனார். பேசுவது மெஷின் என்று தெரியும்படி திரையைச் சுற்றி மஞ்சள் சட்டகம் போடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இரண்டு வருடத்தில் சட்டகம் போய் மேலே ஒரு மஞ்சள் கோடு மட்டும் நின்றது. பிறகு கோடு சுருங்கி மூலையில் ஒரு பொட்டு ஆனது.

"அந்தப் பொட்டு கண்ணை உறுத்துதுன்னு ஜனங்களே எழுதிக் கேட்டாங்க அண்ணாச்சி. வீட்டு ஆளோட பேசும்போது இது எதுக்கு நடுவுலன்னு. எடுத்துட்டாங்க. முதல்ல கேஸ் போட்ட அம்மாவும் எழுதியிருந்தாங்க. நானே அந்தக் கடுதாசியைப் பாத்தேன்."

"எல்லாம் அப்படித்தானே," என்றார் ஜெபமணி. "கையால எழுதாம டைப் அடிச்ச கடுதாசி அனுப்புனா மரியாதை இல்லன்னு ஒரு காலத்துல கோவப்பட்டாவளாம். அப்புறம் சாவு வீட்டுக்கு நேர்ல போவாம போன்ல துட்டி கேட்டா அசிங்கம்னாவ. பழகிட்டா பழகுனதுதான்."

அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிலையத்தில் இருநூற்றுப் பத்துப் பேர். ஒரு வருடத்தில் திருத்தங்களைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. பெயருக்கு எதிரே ஒரு பேச்சுக்குச் சராசரி எத்தனை திருத்தம் என்ற எண்ணும் இருந்தது. மேலே மெக்கானிக் ஒருவருக்கு நாற்பது. "இவன் பொண்டாட்டி என்ன நெனைக்கான்னு மெஷினுக்கே பிடிபடலை போல," என்று சிரித்துக்கொண்டே கீழே வந்தவர், கடைசி வரியில் நிறுத்தினார்.

"தங்கச்சி! ஒனக்குச் சைபர்! ஒத்த திருத்தம் கூட இல்ல. புருஷன் பொண்டாட்டின்னா இப்படில்லா இருக்கணும்."

பொற்கொடி கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"இல்லையே," என்றாள். "அவருக்கு அப்படி வராது."

சங்கரபாண்டியை முன்பேச்சால் பிடிக்கவே முடிந்ததில்லை. ஆரம்ப வருடங்களில் அவருக்கு ஒரு பேச்சுக்குப் பத்து, பதினைந்து திருத்தம் வரும். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று தெருவில் போகும் ஆட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். அதைப் பிறகு பார்த்து அவள் தனியாகச் சிரிப்பாள். எப்போது பார்ப்பதை நிறுத்தினாள் என்று நினைத்துப் பார்த்தாள். நான்கு வருடம் இருக்கும். கிடங்கே அவள் கையில்தான் இருந்தது. பத்தடி தூரம்.

நாள் வாரியாகத் தேடினாள். போன வருடம் மார்ச் பதினொன்று வரை வழக்கம்போலத் திருத்தங்கள் இருந்தன. பன்னிரண்டாம் தேதியிலிருந்து சைபர். பதினான்கு மாதம், ஒரு நாள் விடாமல்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றார் ஜெபமணி.

"மனுஷன் பேசினா சைபர் வராது அண்ணாச்சி. இருமினாக்கூட ஒரு திருத்தம் விழும். ரெண்டு பக்கமும் மெஷினே பேசினாத்தான் சைபர்."

மார்ச் பதினொன்றின் கடைசித் திருத்தத்தைத் திறந்தாள். அன்றைக்கு அவள் நிலையத்தில் நடந்த ஏதோ விளையாட்டுப் போட்டியைப் பற்றி நீட்டி முழக்கியிருக்கிறாள். "கப்பை வாங்காம வராதே" என்று முன்பேச்சு உற்சாகமாகச் சொல்லியிருக்கிறது. அதே இடத்தில் சங்கரபாண்டி நிஜமாகச் சொன்னது, களைத்த குரலில், இதுதான்: "தலை ஒரு பக்கமா வலிக்குட்டி. கண்ணு மங்குது. நாளைக்குப் பேசுவமா?"

பொற்கொடி அதை மறுபடி போடவில்லை. ஒருமுறையே போதுமாயிருந்தது.

வீட்டுத் திரையைத் திறந்தாள். சங்கரபாண்டி உடனே வந்தார்.

"என்னட்டி, டூட்டி நேரத்துல?"

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"நிஜமா நீங்கதானா?"

"பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?" என்று சிரித்தது அது. அவர் சிரிப்பேதான். முன்பல் இடுக்கு உட்பட. அவள் திரையை அணைத்தாள்.

நாத்தனாரைக் கேட்கலாம். ஆனால் நாத்தனாரைக் கூப்பிட்டாலும் முதலில் வருவது நாத்தனாரின் முன்பேச்சுதான். யாரைக் கூப்பிட்டாலும் அப்படித்தான். உலகத்தில் அவளுக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஒரு நொடியில் பதில் சொல்வார்கள். ஒருவர் பதிலும் அவருடையது இல்லை.

நேர்த்தடம் ஒன்று இருந்தது. ஊகம் எதுவும் கலக்காமல், பேசியதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துப் பதிலை அப்படியே கொண்டுவரும் பழைய வழி. விபத்து அறிக்கை அனுப்ப மட்டும் அதை வைத்திருந்தார்கள். கிடங்கோடு சேர்த்து அதையும் எடுத்துவிட அந்த ஓலையிலேயே சொல்லியிருந்தது. பொற்கொடி அதன் முன்னால் உட்கார்ந்து, மைக்கைத் திறந்தாள்.

"நான்தான்," என்றாள். அப்புறம் தானாக நிறுத்தினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "நான் பொற்கொடி பேசுறேன். அங்க..." மறுபடி நின்றாள். பதில் வராமல் தொடர்ந்து பேசுவது எப்படி என்று அவளுக்கு மறந்து போயிருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நாலு வாக்கியம் சொன்னாள். போன மார்ச்சிலிருந்து நீங்கள் பேசவில்லை என்று தெரிந்துவிட்டது. என்ன ஆனாலும் சரி, எனக்குத் தெரிய வேண்டும். மெஷின் வேண்டாம். யாராவது ஒரு மனிதக் குரலில் சொல்லுங்கள்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. ஒன்றும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஜெபமணி அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு சமயம் மட்டும், "என் பேருக்கு எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். அவள் பார்த்துச் சொன்னாள். ஆறாயிரத்துச் சொச்சம்.

"கடைசியா வந்ததைப் போடு."

மகனின் குரல் சலிப்பே இல்லாமல், செய்தி வாசிப்பது போல வந்தது. "படகை வித்துட்டேம்பா. இதையும் நீங்க கேக்கப்போறதில்ல."

நேற்றுக்கூட அந்தப் படகுக்குப் பச்சைச் சாயம் அடிப்பதா நீலம் அடிப்பதா என்று அவரும் மகனின் முன்பேச்சும் அரை மணி நேரம் பேசியிருந்தார்கள். ஜெபமணி எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பேசியவள் சங்கரபாண்டியின் அக்கா, நாத்தனார் சண்முகக்கனி.

"பொற்கொடி, மதினி பேசுதேன். தம்பி உசுரோட இருக்கான். மொதல்ல அதைக் கேட்டுக்கோ. போன வருஷம் மூளைல ரத்தம் அடைச்சுப் போச்சு. பொழைச்சிட்டான். நடக்கான், சாப்பிடுதான், கடைக்குப் போயிட்டு வாரான். நாம பேசுறதெல்லாம் அவனுக்கு நல்லா புரியுது. பேச்சுதான் போச்சு. ஒண்ணு சொல்ல நெனைச்சா வேற ஒண்ணு வாயில வருது. எழுதவும் வரல. ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு கையப் பிடிச்சிட்டு அழுதான். அவளைக் கூட்டிட்டு வர கப்பல் வர இன்னும் நாலு வருஷம் இருக்கு, அவ அங்கன கெடந்து என்ன செய்வாங்கிறது அவன் எண்ணம். ஆசுபத்திரியில ஒரு பையன் சொன்னான், முழு ஒப்புதல்னு ஒண்ணு இருக்காம். மெஷின் சொல்றதெல்லாம் நான் சொன்னதுதான்னு கைநாட்டு வச்சா போதுமாம். வச்சிட்டான்."

குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இங்கன எல்லாரும் மெஷின்கூடப் பேசிட்டுப் போயிடுதாவல்லா. இவன் அப்படி இல்ல. பேச முடியாதவனுக்கு அவசரம் என்ன? நீ பேசுனது நெசமா வந்து சேருத வரைக்கும் காத்துக் கெடந்து, நீயும் அந்த மெஷினும் பேசுனதை முழுசா கேப்பான். தெனமும். நீ சிரிச்சா இவனும் சிரிப்பான். இப்ப பக்கத்துலதான் இருக்கான். நீ கண்டுபிடிச்சிட்டேன்னு கோவமா இருக்கான்..."

நாற்காலி ஒன்று நகரும் சத்தம். மூச்சு. மைக்குக்கு மிக அருகே ஒரு மூச்சு. பொற்கொடி ஒலியைக் கூட்டினாள்.

"திங்... திங்கக்கிழமை," என்றார் சங்கரபாண்டி. "இல்ல. இல்ல. திங்கக்கிழமை."

மேசையை ஓங்கி அடிக்கும் சத்தம். அவ்வளவுதான்.

பதினான்கு மாதத்தில் அவரிடமிருந்து நிஜமாக வந்த முதல் குரல் அது. எந்த மெஷினாலும் ஊகிக்க முடியாத சொல். அன்று திங்கட்கிழமைகூட இல்லை.

அன்று சாயங்காலமே அவள் மேலிடத்துக்குப் பேசினாள். கிடங்கை மூட வேண்டாம், நேர்த்தடத்தையும் எடுக்க வேண்டாம், பயன்படுத்த ஆள் இருக்கிறது என்று நடந்ததைச் சொன்னாள். தொடர்புப் பிரிவின் மேலாளர் திரையில் கண் கலங்கக் கேட்டார். "இதைக் கேட்டுட்டு எப்படிம்மா மூடுவோம்? நான் பாத்துக்கறேன்," என்றார். பொற்கொடி நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து திருத்தத்தைத் திறந்தாள். மேலாளர் நிஜமாகச் சொல்லியிருந்தது சுருக்கமாக இருந்தது. வருந்துகிறோம். சீரிஸிலிருந்து பூமிக்கு வரும் பேச்சில் மாற்றம் எதுவும் இருக்காது. பூமியில் சேமிக்க இடம் இருக்கிறது. அங்கே இடம் இல்லை. புதுச் சுரங்கத்தின் தகவல்களுக்கு அந்த அலமாரிகள் வேண்டும். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும், நேர்த்தடத்தையும் சேர்த்து.

பொற்கொடி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவள் பேசுவது அவருக்குப் போகும். அவர் பேசுவது அவளுக்கு வராது.

அந்த மூன்று மாதமும் அவள் வீட்டுத் திரையைத் திறக்கவில்லை. வேலை முடிந்ததும் நேர்த்தடத்தில் உட்கார்ந்து பேசினாள். முதல் வாரம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு நாள் இருமல் வந்தது. இன்னொரு நாள், "வாளி." அதற்கடுத்த நாள், மூச்சு வாங்க, "வாளி, வாளி, ஆமா." எதற்கு ஆமா என்று தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒருமுறை ஒரு நிமிடம் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. அவள் அதைப் பலமுறை போட்டுக் கேட்டாள். பக்கத்தில் ஜெபமணி அண்ணாச்சி தன் ஆறாயிரத்தை ஒன்றாம் நம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் சண்முகக்கனி பேசினாள்.

"கோவிச்சுக்காதம்மா. இவன் ஒண்ணு சொல்லச் சொல்லுதான். மூணு நாளா சைகை காட்டிக் காட்டி இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. நீ பழையபடி அந்த மெஷின்கூடப் பேசணுமாம்."

பொற்கொடி மைக்கை இறுகப் பிடித்தாள், குறுக்கே பேச முடியாது என்று தெரிந்தும்.

"நீ இப்பல்லாம் ஆசுபத்திரிக்கு நோயாளியப் பாக்க வந்த ஆளு மாதிரி பேசுதியாம். மெதுவா, பாத்துப் பாத்து. மெஷின்கூடப் பேசும்போதுதான் நீ சிரிப்பியாம். அதைக் கேட்டு மூணு மாசம் ஆச்சுங்கான். அப்படித்தானலே?"

"ஆமா," என்றது அவர் குரல். தெளிவாக, சரியான இடத்தில். அதுதான் கடைசியாக வந்தது.

அலமாரிகளைக் கழற்றிக் கொண்டுபோன பிறகு தொடர்பறை பெரிதாகத் தெரிந்தது. ஜெபமணிக்குத் தோள் சரியாகி, பழைய வேலைக்குப் போய்விட்டார். நாலாயிரத்து எழுநூறு வரைதான் கேட்க முடிந்தது என்றார். மகனோடு இப்போது பேசுகிறீர்களா என்று அவள் கேட்டாள். "பேசுதேன். நான் மட்டும் பேசுதேன். அந்த மெஷின் பதிலை நிறுத்தி வச்சிருக்கேன்," என்றார்.

அதற்குப் பின் வந்த முதல் விடுமுறை நாளில், கிழிந்த கையுறையைத் தைத்துக்கொண்டே பொற்கொடி தன் அறையில் திரையைத் திறந்தாள்.

"அடேயப்பா," என்றது முன்பேச்சு. "மூணு மாசமா ஆளைக் காணோம். நான் பத்து கிலோ மெலிஞ்சிட்டேன், பாரு."

"எங்க? தொப்பை அப்படியே இருக்கு."

"அது தொப்பை இல்லட்டி, உன்னைப் பிரிஞ்ச ஏக்கம். அந்த இடத்துல கட்டிக்கிச்சு."

அவளுக்கு உடனே சிரிப்பு வரவில்லை. ஊசியை நிறுத்தினாள். திரையில் இருந்த முகத்தைப் பார்க்காமல் அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், ஒரு நாற்காலியில் காது கொடுத்துக்கொண்டு இருக்கப்போகிறவரை நினைத்தாள். அப்போது வந்தது. வாய்விட்டு, தோள் குலுங்க, அடுத்த அறைக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

பேச்சை முடித்துத் திரையை அணைத்தபோது ஜெபமணி கதவைத் தட்டினார்.

"கேரம் ஆட ஒரு கை குறையுது. வாரியா தங்கச்சி?"

"நீங்க ஆரம்பிங்க அண்ணாச்சி. நான் கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்."

"ஏன், யாராவது கூப்பிடுதாவளா?"

"இல்ல."

இந்த மாதம் பூமி சற்று நெருங்கி வந்திருந்தது. பத்தொன்பது நிமிடம். பொற்கொடி கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சிரிப்பு அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.